தலைப்பெழுத்து

வீட்டாய்வுக்கு வந்த அம்மாள்
கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று பார்த்தார்,
கழிவறையில் விளக்கு எரிகிறதா,
பக்கத்து வீட்டில் எங்களைப் பற்றி என்ன பேச்சு.
காவேரிப்பட்டணம் எடைமேடையில் பதினெட்டாயிரம் என்றேன்,
மாங்காய் வரத்துள்ள மூன்று மாதம் கொஞ்சம் கூட வரும்.
"பிள்ளைக்கு என்ன பிடிக்காது?"
இதற்கு ஜெராக்ஸ் இல்லை.
வெண்டைக்காய் என்றேன் நான்.
கத்தரிக்காய் என்றாள் சரளா உள்ளேயிருந்து.
இரண்டையும் எழுதிக்கொண்டார்.

காலி லாரியை ஏற்றி ஒரு எடை,
சுமையோடு ஒரு எடை,
கழித்தால் மாங்காய்.
பதினோரு வருஷமாக எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான்.
இந்தக் கோப்பில் எதிலிருந்து எதைக் கழிப்பதென்று
ஒருவரும் சொல்லவில்லை.
திருமணப் பதிவு, விவாகரத்துத் தீர்ப்பின் நகல்,
ரத்தப் பரிசோதனை,
கடல் வரைந்த படுதாவுக்கு முன்னால்
மூவரும் விறைத்து நிற்கும் படம்,
உயிரியல் தந்தையின் சம்மதம்.

உயிரியலில் நான் பெயிலானவன்.

ஓசூரிலிருந்து வந்தான் நீலமேகம்,
கம்பெனிச் சட்டையோடு, அரைநாள் பர்மிஷனில்.
நலக் குழு அறைக்கு வெளியே
நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தோம்.
டோல்கேட்டில் கூட்டமா என்றேன்.
இல்லை என்றான்.
உள்ளே கேட்டார்கள்:
யாராவது மிரட்டினார்களா, பணம் கைமாறியதா,
யோசிக்க அவகாசம் வேண்டுமா.
மூன்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினான்.
என் பேனாவை வாங்கித்தான் கையெழுத்திட்டான்.
நீ-யின் சுழியை மேலே தூக்கி
பட்டத்து வால்போல ஓர் இழுப்பு.
அந்த இழுப்பு எனக்குத் தெரியும்.
நாலு வருஷமாக நோட்டு அட்டைகளில் பார்க்கிறேன்.
அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
எழுத்துக் கூட்டுமுன்பே போய்விட்டவன் அவன்.

பேனாவைத் திருப்பித் தரும்போது சொன்னான்,
"பஸ்ஸில வாந்தி எடுப்பா,
ஜன்னல் சீட்டு குடுங்க."
இப்போதெல்லாம் எடுப்பதில்லை என்று
நுனி நாக்குவரை வந்தது.
சரிங்க என்றேன்.

கலெக்டர் ஆபீஸில் அவளையும் கேட்டார்கள்,
தனியாக, கதவைச் சாத்தி.
ஒன்பது வயது. அவள் சம்மதமும் வேண்டுமாம்.
எட்டு நிமிஷம்.
என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.
வெளியே வந்து
தண்ணீர் பாட்டிலை முழுசாகக் குடித்தாள்.

ஆவணிக் கடைசியில் ஆணை வந்தது.
அன்றிரவு நோட்டுகளைத் தரையில் பரப்பி
நீ. வாகினி மேல்
போ. வாகினி ஒட்டினாள்.
நாலாவது நோட்டில் கை நின்றது.
"முன்னாடி நீ, வா.
இப்ப போ, வா.
அட்டெண்டன்ஸ்ல பசங்க சிரிப்பாங்க.
யாரு வெச்சது உங்களுக்கு
போத்தராஜ்னு?"
எங்கள் அம்மா வைத்தது.
திரௌபதையம்மன் கோயிலில்
வாசலிலேயே நிற்கிறானே, அவன் பெயர் என்றேன்.
"உள்ள போக மாட்டானா?"
காவலாச்சே என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
அடுத்த நோட்டை எடுத்தாள்.

லேபிள் மெல்லிசு.
விளக்கில் பிடித்தால் அடியில் வால் தெரிகிறது.
கணக்கு நோட்டுக்கு மட்டும் ஒட்டவில்லை,
பக்கம் தீரப்போகுது, அப்படியே இருக்கட்டும் என்றாள்.
இருக்கட்டும் என்று
பசை டப்பாவை மூடினேன்.