அரைப்புள்ளி

காரைக்குடியில் இன்று மாதாந்திர மின்தடை.
செக்காலை ரோட்டு ஜெனரேட்டர்கள்
ஒவ்வொன்றாய்த் தொண்டையைக் கனைக்கின்றன.
மடிக்கணினியில் மீதம் நாற்பத்தொரு சதவீதம்.

என் வேலையை அப்பச்சியிடம் இப்படிச் சொல்லி வைத்திருக்கிறேன்:
ஒரு கார்டுக்கு எழுதிய ஷேடரை
இன்னொரு கார்டுக்குப் புரியும் மொழியில் மாற்றுவது.
"வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் போய் மொழியா" என்றார்.
கேட்பவர்களிடம் மட்டும்
"மக மொழிபெயர்க்கிறா" என்கிறார்.
பாதிக்கு மேல் சரி.

கூட்டல் எங்கும் கூட்டல்தான்.
வகுத்து மீதி காண்பதில்தான் முதல் சண்டை.
மைனஸ் ஒன்றை நான்கால் வகுத்தால்
ஒரு மொழியில் மீதி மூன்று,
இன்னொன்று மைனஸ் ஒன்றிலேயே அடம்பிடிக்கும்.
இரண்டுக்கும் விதிநூல் உண்டு, சமாளித்துவிடலாம்.
விதிநூல் வாய்மூடும் இடங்கள்தான் என் சம்பளம்.

இன்று வந்த புகார்:
ஒரு விளையாட்டில், குளத்தின் கரையோரம்,
ஒரே ஒரு கறுப்புப் புள்ளி.
எங்கள் கணினிகளில் இல்லை.
அனுப்பியவரின் ஃபோனில் மட்டும்.

காலையிலிருந்து தேடிப் பிடித்தேன்.
தண்ணீர் மண்ணாகக் கரைய
ஒரு தொடக்க எல்லை, ஒரு முடிவு எல்லை.
அந்த இடத்தில் இரண்டும் ஒரே எண்.
நடுவே இடமே இல்லாதபோது
எவ்வளவு தூரம் வந்திருக்கிறாய் என்று எப்படிக் கேட்பது?
பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்த கார்டு
எண்ணல்லாத ஒன்றைக் கக்கியிருந்தது.
நீ உனக்காவது சமமா என்று கேட்டாலும்
இல்லை என்கிற ஒன்று.
விதிநூலைப் புரட்டினேன். அரை வரி:
முடிவு வரையறுக்கப்படவில்லை.

கீழே யாரோ கதவைத் தட்டினார்கள்.
கோயில் காரியக்காரர் சாத்தப்பன்,
கக்கத்தில் புள்ளிவரி நோட்டு.
கல்யாணமான ஜோடி ஒரு புள்ளி.
துணையை இழந்தவர் அரைப்புள்ளி.
ஆத்தாவும் அப்பச்சியும் சேர்ந்து ஒன்று,
எண்ணி வாங்கிக்கொண்டார்.
பிறகு என்னைப் பார்த்தார்.

மாத்தூரில் பிறந்து
வைரவன்கோயிலுக்கு வாழப் போய்
பதினாறாம் மாதம் கோர்ட்டுத் தாளோடு வந்தவள் நான்.
அங்கே அடித்துவிட்டார்கள், இங்கே ஏற்றவில்லை.
"அவுக உயிரோட இருக்காகளே" என்று இழுத்தார்.
அரைக்கும் எனக்கு வழியில்லை என்பதை
வருத்தத்தோடுதான் சொன்னார்.
"நோட்டுல இதுக்குக் கட்டம் இல்ல, ஆச்சி."
அப்பச்சி செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார்.

கோபம் வரவில்லை. தொழில் பழக்கம்.
இந்த மாதிரி இடத்தில்
வந்தது வரட்டும் என்று விடுவோம்,
அல்லது பிழை என்று திருப்பி அனுப்புவோம்,
மனசு வந்தால்
'ஒருவேளை' என்று ஒரு வரி சேர்ப்போம்.
"ரசீது போடுங்க."
"எவ்வளவுக்கு?"
"முழுசுக்கு."
"யார் பேருல?"
"உமையாள். அவ்வளவுதான்."

கடைசிப் பக்கத்துக்குப் போனார்.
மீட்டர் ரீடிங்கும் விளக்கெண்ணெய்க் கணக்கும் இருக்கிற பக்கம்.
பென்சிலால் எழுதினார்.
அழிக்க வசதியாகவா, பிறகு மையில் ஏற்றவா,
நான் கேட்கவில்லை.
அவருக்கும் தெரிந்திருக்காது.

மாடிக்கு வந்தபோது பதினெட்டு சதவீதம்.
திரையில் எந்தப் புள்ளியின் நடுவும்
முழு எண்ணில் விழுவதில்லை.
முதல் புள்ளியே அரையில்தான் இருக்கிறது.
அதை மட்டும் எவரோ
மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எல்லை இரண்டும் ஒன்றானால் கரைய வேண்டாம்,
இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் மண்
என்று எழுதி
வரிக்கடைசியில் அரைப்புள்ளி வைத்தேன்.
அது இல்லாமல் இந்த மொழியில் வரி முடியாது.

சோதனைகள் இரண்டாயிரத்து முந்நூற்று ஆறு.
பச்சை, பச்சை, பச்சை.
ஒன்று மட்டும் சிவப்பு:
ஏதோ பழைய கார்டு,
அதன் கரையில் புள்ளி அப்படியே நிற்கிறது.

மின்சாரம் இன்னும் வரவில்லை.
ஆறு சதவீதம்.