எட்டு விழாத கணினி

முதுநகர் ரயிலடி எதிரே
என் கடையில் மூன்று கணினி.
ஒன்றில் எட்டு விழாது.

சோனாங்குப்பத்து அஞ்சலாட்சி வந்தாள்.
இயற்பியலில் எண்பத்தெட்டு.
அடுத்த கணினிக்கு மாறி உட்காரச் சொன்னேன்.
"ஆறு மாசம் எங்களுக்கு சாரே இல்லண்ணா"
என்றாள்,
குறையாக அல்ல,
கதவு எண் சொல்வதுபோல.

சாதிச் சான்று இருந்தது.
வருமானச் சான்று இருந்தது.
முதல் பட்டதாரிச் சான்று
மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டு
நேற்றுதான் கிடைத்திருந்தது.
கைபேசி எண் என்ற கட்டத்தில்
அப்பாவுடையதைச் சொன்னாள்.
ஆறு இலக்க ஓடிபி
அந்த எண்ணுக்குப் போனது.
எண் படகில்.
படகு கடலில்.
மாலை ஐந்தோடு விண்ணப்பம் மூடும்.

நோட்டின் பின்னட்டையில் கணக்குப் போட்டாள்:
கிளம்பிய நேரம், மிச்ச டீசல்,
கச்சான் காற்று,
முகத்துவாரத்தில் நீர் ஏறும் பொழுது,
டவர் எட்டும் தூரம்.
"மூணே முக்காலுக்கு சிக்னல் கிடைக்கும்ணா."
இதற்கு மதிப்பெண் போட
படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்று ஐம்பத்திரண்டு.
மறுபடி அனுப்பு என்பதை அழுத்தினோம்.
எஞ்சின் இரைச்சலுக்குள்ளிருந்து
அப்பா கத்தினார்.
கடைசி இலக்கம் ஏழா, எட்டா?
"எட்டு பாப்பா! எட்டு!
ரெண்டு வட்டம்!"

காசு வாங்கவில்லை என்று எழுத ஆசைதான்.
வாங்கினேன்.
அறுபதில் இருபது குறைத்து.

ரசீதை நாலாக மடித்து
ஜாமெட்ரி பாக்ஸில் வைத்தவள்
வாசல்வரை போய்த் திரும்பி
"ஹாஸ்டலுக்கும் இப்படித்தானாண்ணா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள்
வரிசையில் அடுத்து நின்ற பையன்
எட்டு விழாத கணினியில்
உட்கார்ந்துவிட்டிருந்தான்.