இருப்பு

இறப்புச் சான்றிதழை என் கடை மெஷினிலேயே
இருபது பிரதி எடுத்தேன்.
மூன்றாவது கோணலாக வந்தது,
கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தேன்.
அழவில்லை.
பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் பார்த்தவர்கள் சொன்னார்கள்:
கல்லு மாதிரி நிக்கறா.

எதற்கெல்லாம் தயாராக இருந்தேனோ
அதெல்லாம் சொன்ன நாளில் வந்தது.
பதினாறாம் நாள். தீபாவளி.
மாலை போட்ட படம்.
அவர் அக்கா கட்டிக்கொண்டு அழுதது.
எல்லாவற்றையும் வாசலில் நிற்கவைத்துப்
பேசி அனுப்பிவிட்டேன்.

தக்காளி வண்டியை விற்றாயிற்று.
ராயக்கோட்டைப் பையன். பணத்தை எண்ணிக் கொடுத்தான்,
சாவியை வாங்கிக்கொண்டான்.
முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த டோல் ஸ்டிக்கரை
அவன் கவனிக்கவில்லை.
நானும்தான்.

பின்னிரவு இரண்டே முக்காலுக்குப்
போன் ஒருமுறை முனகியது.
உங்கள் வாகனம் சுங்கச்சாவடியைக் கடந்தது.
மீதி இருப்பு இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.

உங்கள் வாகனம்.

எழுந்து உட்கார்ந்தேன்.
உடம்புக்குப் பழக்கம்.
இனி தொப்பூர் இறக்கம்,
இருபத்தைந்து நிமிடம்.
முடிந்ததும் கூப்பிடுவார், ஒரே வார்த்தை:
"எறங்கிட்டேன்."
பதினோரு வருடமாக
அதைக் கேட்ட பிறகுதான் தூங்கியிருக்கிறேன்.

கணவாய் அவரை ஒன்றும் செய்யவில்லை.
லாரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்த இரவுகளில்கூட
வழிவிட்டு அனுப்பியது.
வீட்டில், கட்டிலில் உட்கார்ந்து
ஒரு காலுக்குச் சாக்ஸ் போட்டுவிட்டு
மறு காலுக்குக் குனிந்தவர்தான்.

அன்று மூன்றேகால் வரை
யாரோ ஒரு பையனுக்காகப்
போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.
அப்புறம்தான் வந்தது,
இருபது பிரதிக்கும் வராதது.
பக்கத்தில் சின்னவள் தூங்குகிறாள்.
தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

வங்கிக்குப் போன் போட்டால் ஐந்து நிமிட வேலை.
உரிமையாளர் பெயர் கேட்பார்கள்.
அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.
ஷட்டரை இறக்கிவிட்டு
இருட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
சென்றாயன்.
டோனர் வாசனையில் அது
வேறு யாருடைய பெயர் போலவோ இருந்தது.

கூப்பிடவில்லை.
அந்தக் கணக்கில் ஐந்நூறு ரூபாய் ஏற்றினேன்.
பைத்தியக்காரத்தனம், தெரியும்.
கரன்ட் பில் பாக்கி இருந்தது.

நேற்று அந்தப் பையனே கூப்பிட்டான்.
"அக்கா, டோல் காசு உங்க கணக்குல போவுதாம்,
இன்னிக்கே மாத்திடறேன்,
எவ்ளோ தரணும்?"

கடையில் ஆள் நின்றார்கள்.
தொகை சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"பிரேக்கு எடப்பக்கம் கொஞ்சம் இழுக்கும் தம்பி.
எறக்கத்துல பாத்துப் போ."

அவன் சரி என்றானா, தெரியாது.
மெஷினுக்குள் அந்த வெளிச்சம்
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது.
ரேஷன் கார்டை நீட்டியவரிடம்
ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா என்று கேட்டேன்.
அவர் சொன்னார்.
மறுபடியும் கேட்டேன்.