ஒற்றை விசில்

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரி, மாடி நடைக்கூடம், முப்பது மீட்டர்.
இந்த முனையில் நாற்காலி,
அந்த முனையில் சாலைப் பணிக்கு வைப்பார்களே, ஆரஞ்சுக் கூம்பு.
ஆறு நிமிஷம் நடக்கணும், ஓடக் கூடாது, பேசக் கூடாது,
முடியலைன்னா நிக்கலாம்,
ஆனா கடிகாரம் நிக்காது என்றாள் பெர்னதெத்.
விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள்.

கலியமூர்த்தி.
கடலூர் – புதுச்சேரி, இருபத்தேழு வருடம், நடத்துநர்.
தூரத்தை மீட்டரில் அளந்தவனில்லை நான்.
ஆல்பேட்டை ஒரு ஸ்டேஜ். ரெட்டிச்சாவடி ஒரு ஸ்டேஜ்.
கன்னியக்கோயிலில் இறங்குகிறவன்
திரும்பி வரும்போது மீதிச் சில்லறை கேட்கமாட்டான்.

முதல் இரண்டு நடை ஒன்றுமில்லை.
மூன்றாவதில் கூட்டம் ஏற ஆரம்பித்தது.

இதைச் சொல்ல எனக்கு வேறு பாஷை இல்லை, டாக்டர்.
காற்று வரவில்லை என்பதல்ல,
வந்தது இறங்கவில்லை.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்துப் பேர் ஏறுகிறார்கள்,
ஆறு பேர்தான் இறங்குகிறார்கள்.
மெதுவாகப் போனால் சமாளிக்கலாம்.
வேகம் கூடினால்
இறங்குகிறவன் வாசலுக்கு வருவதற்குள் அடுத்த நிறுத்தம்.
விலா எலும்பெல்லாம் படிக்கட்டில் தொங்குகிறது.
உள்ளே ஊசி நுழைய இடமில்லை.
வெளியே இன்னும் ஒருத்தன் கை காட்டுகிறான்.

அவர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார்.
நாங்க இதைப் படம் போட்டு விளக்குவோம் என்றார்.

உட்கார்ந்திருக்கும்வரை நான் ஆரோக்கியமானவன்.
எதிர்வீட்டு மனோகரன் அதைத்தான் பார்க்கிறார்:
சும்மாவே இருக்கீங்களே, சில்வர் பீச் வரைக்கும் ஒரு நடை வரலாமே.
தலை துவட்டக் கை தூக்கினால் பாதி மூச்சு போய்விடுவதை
வேம்பு மட்டும் பார்த்திருக்கிறாள்.
முக்காலி போட்டு உட்கார வைத்து அவளே துவட்டுகிறாள்,
சீரியல் பார்த்துக்கொண்டே,
சில நாள் காதையும் சேர்த்து.

மூச்சுக்குப் பயந்து நடையைக் குறைத்தேன்.
நடை குறைந்ததில் கால் இளைத்தது.
இளைத்த கால் பத்தடிக்கே மூச்சைக் கேட்கிறது.
கடனை அடைக்கக் கடன் வாங்கியவன் கணக்கு.

நாலாவது நிமிஷம் சுவரில் சாய்ந்தேன்.
இரண்டு கையும் முழங்காலில்.
எண்பத்தாறு என்றாள், கிளிப்பைப் பார்த்து.
பயப்படாதீங்க. உதட்டைக் குவிங்க,
விசில் ஊதற மாதிரி,
சத்தம் வேணாம், மெதுவா, முழுசா வெளியே விடுங்க.

பாவம், அவளுக்குத் தெரியாது
யாருக்கு விசில் சொல்லித் தருகிறாள் என்று.

உதட்டைக் குவித்தேன்.
இறங்குங்க. அவசரமில்ல. பின்னாடி இருக்கறவங்களும்.
தரையைப் பார்த்தபடி அப்படியே நின்றபோது
இந்த நிலையில் ஓர் உடம்பை முன்பே பார்த்த ஞாபகம்.

ரெட்டிச்சாவடி. சித்திரை. மத்தியானம் ஒன்று இருபது.
மல்லாட்டை மூட்டையோடு ஒருத்தி
கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.
பாதியில் மூட்டையைப் போட்டுவிட்டுக் குனிந்தாள்,
இரண்டு கையும் முழங்காலில்,
வாய் மட்டும் மீனைப் போல.
மூட்டை கனம் போல என்று நினைத்தேன்.
பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள்.
டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
ஒரு விசில் போதும், வண்டி நின்றிருக்கும்.
நான் இரண்டு கொடுத்தேன்.

அவள் யார், எந்த ஊர், இன்னும் இருக்கிறாளா,
அடுத்த வண்டி நின்றதா –
இன்வாய்ஸில் ஏறாத பயணி.

இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு என்றாள் பெர்னதெத்.
சுவரை விட்டேன்.
உதட்டைக் குவித்து ஒன்றே ஒன்று, நீளமாக,
சத்தமில்லாமல் ஊதிக்கொண்டே நடந்தேன்.
கூம்பு வரை போக முடியவில்லை.

இருநூற்று ஐம்பத்திரண்டு என்று எழுதினாள்.
ஒரு ஸ்டேஜில் கால்வாசிகூட வராது.
நாற்காலி பன்னிரண்டு மீட்டர் பின்னால் இருந்தது.
திரும்பிப் போகும் அந்தப் பன்னிரண்டு
கணக்கில் சேராதாம்.