மறுகால்

வீட்டுக்குப் பதினெட்டு ரூபாய் கூலி.
தாலுகா ஆபீஸில் தந்த டேப்லெட்டில்
ஐந்து நிறங்கள்,
பச்சையில் தொடங்கி அடர்சிவப்பில் முடியும்.
ஆலடிக்குறிச்சி என்ன நிறமென்று
வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்
நான் சொல்லியாக வேண்டும்.

கடந்த வெள்ளத்தில் தண்ணீர் வந்த உயரம்?
சென்டிமீட்டரில் கேட்கிறது.
முப்புடாதி கிரைண்டரைக் காட்டினாள்:
"இதுக்குள்ள கெண்டை கெடந்துச்சு."
வேதக்கண் வீட்டில் பிரிட்ஜின் இரண்டாம் தட்டு.
சங்கரவடிவு எதையும் காட்டவில்லை,
அண்ணாந்து பார்த்தாள்.
ஓடு பிரித்து ஏறிய இடத்தில்
இன்னும் தார்ப்பாய்தான்.
டேப்பை நீட்டினேன்:
இருநூற்றுப் பதினான்கு.

தானாக வெளியேற இயலாதோர் எண்ணிக்கை?
"ஒண்ணு" என்றார் வேதக்கண்.
பெயர், வயது?
"சினை எருமை. அன்னைக்குக்
கயித்த அவுத்துவிட மறந்துட்டேன்."
பூஜ்யம் என்று குறித்தேன்.
அவர் எட்டிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

மேலத்தெரு முழுக்கப் புது வெள்ளை.
வெள்ளம் நின்ற கோடு எந்தச் சுவரிலும் இல்லை.
நல்லபெருமாள் நாற்காலி போட்டார்,
காப்பி வரவழைத்தார்.
"செவப்புன்னு மட்டும் போட்டுராதீங்க மேடம்.
பதினோரு பிளாட் இன்னும் போகல.
பேங்க்காரன் மேப்பத்தான் மொதல்ல பாக்கான்."
கீழத்தெருவில் தங்கபுஷ்பம்
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
"செவப்புன்னே போடும்மா.
போன தடவ நிவாரண லிஸ்ட்ல
எங்க தெருவே இல்ல."
இரண்டு தெருவுக்கும் நடுவில்
நூற்றிருபது அடி.

பிளாட்டுக்கு நட்ட மஞ்சள் கற்களுக்கிடையே
பழைய கல்கட்டு ஒன்று
பாதியில் நிற்கிறது.
இது என்ன என்றேன்.
மறுகால் என்றார் ஆடு மேய்ப்பவர்,
இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.
குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் போகும் வழி.
அதன்மேல் ஆறாம் நம்பர், ஏழாம் நம்பர்,
கிழக்குப் பார்த்த மனைகள்.
டேப்லெட்டில் தேடினேன்.
அருகிலுள்ள நீர்நிலையின் பெயர், தூரம்.
தண்ணீர் இருக்கும் இடத்தைத்தான் கேட்கிறது,
போகிற இடத்தை அல்ல.

"நான் காட்டுதேன்க்கா" என்று
இசக்கிராஜா சுவரில் முதுகை ஒட்டி நின்றான்.
நெஞ்சைத் தொட்டான்.
"இங்கன வரைக்கும்."
பிறகு யோசித்து,
"இல்ல, அப்ப மூக்கு வரைக்கும்.
இப்ப வளந்துட்டேன்லா."
அந்தத் தெருவில் ஆபத்து குறைந்திருப்பது
அவன் ஒருவனுக்குத்தான்,
அதுவும் ஒரு சாண்.

சீவலப்பேரி பஸ்ஸுக்கு நேரமிருந்தது.
ஒரு குக்கிராமத்துக்கு ஒரு நிறம் மட்டும் தேர்வு செய்க.
பதில்களைக் கூட்டிப் பார்த்து
அதுவே ஆரஞ்சு காட்டியது.
நாக்கில் இன்னும் நல்லபெருமாளின் காப்பி.
நல்ல காப்பிதான்.
அடர்சிவப்பைத் தொட்டேன்.
கடைசியில் குறிப்புக்கு ஒரு பெட்டி,
நூறு எழுத்துகள்.
மறுகால், மனை ஆறு, மனை ஏழு
என்று எழுதியும் மிச்சமிருந்தது.
எருமை ஒன்று என்று சேர்த்தேன்.

அனுப்ப சிக்னல் இல்லை.
டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கி
நுனிக்காலில் நின்றேன்,
சங்கரவடிவு வீட்டு ஓட்டு உயரத்துக்கு.
அங்கே கிடைத்தது
ஒரே ஒரு கோடு.