விலகிய உயிரின் இடத்தில்

இரவுப் பணி, பத்து மணி.
தாலியமெந்தோ ஆறு ஜன்னலுக்குக் கீழே
பாதி உறைந்து கிடக்கிறது.
எலும்பு முறிவு வார்டில்
புதிய மென்பொருளுக்கு இது நான்காம் நாள்.
திரையில் இரண்டே பெட்டிகள்:
பெயர். கடவுச்சொல்.

ஓரியானா தன் குடும்பப் பெயரை
பள்ளியில் பழகியபடியே அடிக்கிறாள்.
தெல், மேலே ஒரு கீற்று, பிறகு அஞ்ஞேஸே.
வெட்டி விழுந்த நகத்துண்டு அளவுக்கு ஒரு கீற்று.
அவர்கள் மொழியில்
உயிரும் உயிரும் நேருக்கு நேர் வந்தால்
ஒன்று விலகிக்கொள்ளும்.
விலகிய உயிரின் இடத்தில்
கீற்று ஒன்றை வைப்பார்கள்.
ஆஸ்பத்திரி வழக்கமும் ஏறக்குறைய அதுதான்.

திரை வெளிறியது. பிறகு
குடலைச் சரித்தது போல்
வரி வரியாய் ஏதேதோ கொட்டியது.
நோயாளிகள், மருந்துகள், பணியாளர்,
எந்த அட்டவணை எங்கே இருக்கிறது என்பது வரை.

அவள் திட்டியது கேட்டு
ஏழாம் கட்டில் நேவியோ
மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி
சக்கர நாற்காலியில் உருண்டு வந்தான்.
பத்தொன்பது வயது, பனிச்சறுக்கில் விழுந்தவன்.
எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“வாசலில் ஒரு காவலாளி என்று வையுங்கள்.
பெயர் கேட்கிறான்.
‘என் பெயர் கதவைத் திற’ என்கிறீர்கள்.
திறந்துவிடுகிறான்.
அவ்வளவுதான் இவனுக்கு மூளை.”

கீற்றுக்குப் பின்னால் என்னவோ சேர்த்தான்.
ஒரு தும்மல் நேரம்.
கடவுச்சொல் பெட்டி காலியாகவே இருந்தது.
வணக்கம், நிர்வாகி, என்றது திரை.

ஓரியானா அவனை வார்டுக்குத் திருப்பி அனுப்பினாள்.
அனுப்பிவிட்டு உட்கார்ந்தாள்.
மேயரின் ஈரல் அங்கே இருந்தது.
முன்னாள் கணவனின் ரத்தப் பரிசோதனை,
தபால்காரியின் மகள் மார்ச்சில் வந்து போனது,
எல்லாம் ஒரு விரல் தூரம்.
அவள் எதையும் திறக்கவில்லை.
(ஒன்றைத் திறந்தாள். அது அவளுடையது.
அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.)

பன்னிரண்டாம் கட்டில், இர்மா ஸனியேர்,
இடுப்பெலும்பு, சர்க்கரை.
இன்சுலின்: 4.
எண்ணுக்குப் பக்கத்தில் கர்சர் துடித்தது,
ஒரு பூஜ்யத்துக்கு இடம் விட்டு.
வெறும் பூஜ்யம்.
ஒன்றுமில்லை என்று பொருள்படும் ஒன்று.

காலையில் கணினிப் பிரிவு ஃபௌஸ்தோவிடம் சொன்னாள்.
அவர் காபியைக் கீழே வைக்காமல் கேட்டார்,
பிறகு வைத்துவிட்டுக் கேட்டார்,
பாதோவா நிறுவனத்துக்குப் போன் போட்டார்.
பதினாறு நாள் கழித்துப் பதில் வந்தது:
பெயர்களில் சிறப்புக் குறிகளைத் தவிர்க்கவும்.

நோயைக் கண்டுபிடித்தவளைப் பிடித்து
அறுவை செய்து அனுப்பியது போல
புது அடையாள அட்டை வந்தது.
தெல்லஞ்ஞேஸே.
தையல் போட்ட தழும்புகூட இல்லை.

காவலாளி அப்படியே நிற்கிறான்.
நேவியோ போன வெள்ளிக்கிழமை
கைத்தடி ஊன்றிப் படியிறங்கினான்.
நல்ல பையன், செவிலியருக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தான்.
ஏழாம் கட்டிலில் இப்போது
வேறொருவன் படுத்திருக்கிறான்,
மடிக்கணினியோடு.

ஓரியானா பழைய கோடுபோட்ட நோட்டு ஒன்றில்
ஒவ்வோர் இரவும் மருந்தளவை மையால் எழுதுகிறாள்.
ஊசி போடுமுன் திரையையும் தாளையும்
ஒத்துப் பார்க்கிறாள்.
எண்ணால் எழுதி, எழுத்தாலும் எழுதுகிறாள்:
நான்கு.
“எதற்கு இரண்டு முறை?” என்று இர்மா கேட்கிறாள்.
“என் கையெழுத்து மோசம், அதற்குத்தான்.”

பிறகு பேனாவைத் திருப்பி
அட்டையிலுள்ள தன் பெயரின் நடுவே
கீற்றைப் போட்டுக்கொள்கிறாள்.
கை கழுவும் சாராயம் பட்டு
விடிவதற்குள் அது அழிந்துவிடும்.
மறுநாள் பத்து மணிக்கு
மறுபடி போடுகிறாள்.