நான்காம் நாள்

குழாயைத் திறந்தால் காற்று இருமுகிறது.
படமெடுத்துப் போட்டேன்:
"பீனிக்ஸ். நான்காம் நாள்."

உடனே ஒரு பதில்:
"நாலு நாளைக்கே இந்த ஒப்பாரியா?"
பெயர் லுங்கிசானி.
ஊர் இனாண்டா, சாலைக்கு அந்தப் பக்கம்.

வெடுக்கென்று ஒன்று எழுதினேன். அழித்தேன்.
அதைவிடக் கூராய் இன்னொன்று.
அழிக்க மனமே வரவில்லை,
நல்ல வரி அது.

பிறகு கேட்டேன்:
"உங்களுக்கு எத்தனை?"

மூன்று புள்ளிகள் துள்ளின,
நின்றன, துள்ளின.
"ஒன்பது. மகள் பிறந்து ஆறு."

அதற்கும் யாரோ சிரிப்புமுகம் போட்டிருந்தார்கள்.
நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இரவு பதினொன்றே கால்.
"லாரி இங்கே முடிந்தது,
உங்க பக்கம் திரும்புது.
வாளியோடு ஓடுங்க."

செருப்புக்கூடப் போடாமல்
வரிசையில் மூன்றாவதாய் நின்று
ஈரக் கட்டைவிரலால் தட்டுகிறேன்:
"பாப்பா பேரென்ன?"